வன்னி வயலில் ட்ரோனால் மருந்தடிக்கத் தொடங்குவோருக்கு

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி, தங்கச்சிமார் முதலில் பிழைவிடுவது பறப்பதில் அல்ல, மருந்துக் கணக்கில். முதுகுத் தாங்கி 16 லீற்றர். ஏக்கருக்கு 10 தாங்கி, தாங்கிக்கு 30 மில்லிலீற்றர் என்றால் ஏக்கருக்கு 300 மில்லிலீற்றர் மருந்து. ட்ரோனில் ஏக்கருக்கு 10 லீற்றர் தண்ணீர்தான். அந்த 300-உம் அதற்குள் போக வேண்டும். பழைய பழக்கத்தில் 30-ஐ ஊற்றினால் பூச்சி சாகாது, கமக்காரருக்குக் காசும் நட்டம். ட்ரோனில் ஊற்றும் கரைசல் முதுகுத் தாங்கியில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கு மேல் செறிவானது. கையுறையும் கண்ணாடியும் போடாமல் போத்தலைத் திறக்கவே கூடாது.

அடுத்தது மருந்தைப் பீச்சும் நொசில். செக்கனுக்கு 4 மீற்றர் வேகம், 4 மீற்றர் அகலம் என்றால் ஓர் ஏக்கருக்கு நாலேகால் நிமிடம். நிமிடத்துக்கு 2.4 லீற்றர் பாய வேண்டும். நாலு நொசிலென்றால் ஒன்றுக்கு 600 மில்லிலீற்றர். ஒவ்வொன்றின் கீழும் அளவுச் சாடி பிடித்து ஒரு நிமிடம் பாருங்கள். மூன்றில் 600 வந்து ஒன்றில் 480 வந்தால், வயலில் களை கோடு கோடாகத் தப்பி நிற்கும். பெரும்பாலும் காரணம் தூள் மருந்து கரையாமல் வடியில் அடைப்பதுதான். வாளியில் தனியாகக் கரைத்து, வடித்து ஊற்றுங்கள். கலங்கல் வாய்க்கால் தண்ணீர் வேண்டாம்.

நெல்லின் சாற்றை உறிஞ்சும் அறக்கொட்டிப் பூச்சிதான் உண்மையான சோதனை. அது தண்டினடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும். கதிர் வெளிவருமுன் உள்ள குடலைப் பருவத்தில் பயிர் மூடிவிட்டால் 10 லீற்றரும் மேல் இலையிலேயே தங்கிவிடும். பயிருக்கு மேல் 2 மீற்றருக்கு இறக்கி, வேகத்தை 3 ஆகக் குறைத்து, தண்ணீரை 15 லீற்றருக்கு மேல் கூட்டுங்கள். விசிறிக் காற்று பயிரை விலக்கும். ஈரம் பட்டால் நீலமாகும் மஞ்சள் கடதாசியைத் தண்டினடியில் செருகிவிட்டு அடித்துப் பாருங்கள். புள்ளி விழாவிட்டால் மருந்து அடிக்குப் போகவில்லை.

மருந்தடிக்கும் நேரம் காலை 6 முதல் 9 வரை, பின்னேரம் 4-க்குப் பிறகு. சோளகம் வீசும் சிறுபோகத்தில் இதுவும் சுருங்கும்; காற்று செக்கனுக்கு 3 மீற்றரைத் தாண்டினால் நிறுத்துங்கள். பக்கத்தில் உழுந்தோ பயறோ நின்றால், அகன்ற இலைக் களைநாசினியின் தூறல் பட்டாலே அது சுருண்டுவிடும்.

பறக்குமுன் வயலைச் சுற்றி நடவுங்கள். மெல்லிய மின்கம்பி ட்ரோனின் ராடாருக்குத் தப்பும். வரம்போரப் பனை 30 மீற்றர்வரை வளரும். தானாகத் திரும்பும் உயரத்தை 15 மீற்றரில் விட்டால் ட்ரோன் பனையில் இடிக்கும். கண்ணிவெடி எச்சரிக்கை மண்டையோட்டுப் பலகை நிற்கும் காட்டோரத்தில் ட்ரோன் விழுந்தால் எடுக்க உள்ளே போகாதீர்கள். கண்ணிவெடி அகற்றுவோருக்குச் சொல்லுங்கள். இரணைமடுவிலும் வவுனியாவிலும் விமானப்படைத் தளங்கள் உண்டு. சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் பதிவும் அனுமதியும் கையில் இல்லாமல் ட்ரோனை எழுப்பாதீர்கள்.

பற்றரி நாலு, ஜெனரேற்றர் ஒன்று வேண்டும். சூடு ஆறாமல் சார்ஜ் போடாதீர்கள். காலபோகம் முடிந்து எடுத்து வைக்கும்போது பாதிச் சார்ஜில் வையுங்கள். முழுச் சார்ஜில் மாதக்கணக்காகக் கிடந்தால் ஊதும். பக்கம் உப்பிய பற்றரியை மறுபடி பூட்டவே வேண்டாம்.