புது மொழி வந்தால் முதலில் எதுகை

புதிதாக ஒரு நிரல்மொழியைத் தொடும்போது பலரும் டூ-டூ லிஸ்ட் எழுதிப் பார்ப்பார்கள். நான் எதுகை பார்ப்பேன். திருக்குறள் முழுவதும் ஒரு டெக்ஸ்ட் கோப்பாக என்னிடம் இருக்கிறது. நிரல் அதைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு குறளிலும் இரண்டு அடிகளின் முதற்சீரை எடுத்து, இரண்டாம் எழுத்து ஒன்றா என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. பகலில் கோவையில் ஒரு பில்லிங் மென்பொருளுக்கு ஜாவா எழுதுகிறேன். இது ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறமான சமாசாரம். "இன்னும் குறள்தானா அண்ணா?" என்று பக்கத்து சீட்டுத் தம்பி கேட்பான். ஆமாம், இன்னும் குறள்தான்.

இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் எல்லா மொழியும் நல்ல பிள்ளை. தமிழைக் கொடுத்தால்தான் 'எழுத்து' என்று அது எதை நினைத்துக்கொண்டிருக்கிறது என்பது வெளியே வரும்.

'கொடி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு இரண்டு எழுத்து. நீளம் கேட்டால் பைத்தான் 4 என்கிறது. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் அதே 4. க, கொம்பும் காலும் சேர்ந்த குறி, ட, இகரக் குறி என்று நான்கு கோட் பாயிண்ட், அதாவது உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோட் பட்டியலில் நான்கு எண். கோ மொழியில் லென் என்று நீளம் கேட்டால் 12, ரஸ்ட்டிலும் 12. அந்த எண்களைப் பைட்டுகளாக எழுதிவைக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு கோட் பாயிண்டுக்கும் மூன்று பைட் ஆகும், அந்தக் கணக்கு. நான் பார்த்தவற்றில் ஸ்விஃப்ட், எலிக்சிர் இரண்டு மட்டும் 2 என்று நம்மைப் போலவே எண்ணுகின்றன.

சரி, எண்ணிக்கையில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எதுகைக்கு வாருங்கள். பைத்தானில் 'இரண்டாவது எழுத்தைக் கொடு' என்று வெகுளியாக எழுதினால் முதல் குறள் தேறிவிடும்: அகர, பகவன், இரண்டிலும் க. இரண்டாவதும் தேறும்: கற்றதனால், நற்றாள். மூன்றாவதில் மலர்மிசை, நிலமிசை. முதலாவதில் ல கிடைக்கும். இரண்டாவதில் கிடைப்பது நி-யின் இகரக் குறி. எதுகை இல்லை என்று நிரல் கைவிரித்துவிடும். கடவுள் வாழ்த்தின் பத்துக் குறளில் இப்படிப் பார்த்தால் தேறுவது 1, 2, 7 மட்டும்தான். வள்ளுவருக்கு எதுகை வராது என்று ஒரு கணினி சொல்லக் கேட்பது தனி அனுபவம்.

அதைவிட மோசமானது பதினோராம் குறள். வானின்று, தானமிழ்தம். இங்கே எதுகை உண்டு என்று அதே நிரல் சொல்லும். ஆனால் அது ஒப்பிட்டது வா-வின் காலையும் தா-வின் காலையும். விடை சரி, வழி முழுத் தப்பு. டெஸ்ட் பச்சை காட்டிவிட்டது என்று நிம்மதியாகப் படுப்பவர்களுக்கு இந்தக் குறளைக் காட்டுவேன்.

கோ மொழி இன்னும் தமாஷ். அங்கே ஸ்ட்ரிங்கில் (எழுத்துச் சரத்தில்) இரண்டாவது இடத்தைக் கேட்டால் இரண்டாவது பைட் வரும். சொல்லுக்கு முதலில் வரக்கூடிய தமிழ் எழுத்து எதுவானாலும் அதன் இரண்டாம் பைட் 174தான். ஆகவே 1330 குறளுக்கும் எதுகை உண்டு என்று கோ ஆனந்தமாக அறிவிக்கும். கோ மொழியைக் குறை சொல்லவில்லை. அது பைட் தருவதாகத்தான் சொல்லியிருக்கிறது.

ரஸ்ட்டில் இந்தக் கேள்வியையே கேட்க முடியாது. ஸ்ட்ரிங்கை எண் போட்டு அணுகினால், நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் மறுத்துவிடும். பைட் வேண்டுமா, கோட் பாயிண்ட் வேண்டுமா, முதலில் அதைச் சொல் என்று நிற்கும். எழுத்தாகவே வேண்டுமென்றால் யூனிகோட்-செக்மென்டேஷன் என்ற வெளி லைப்ரரியை, அதாவது பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பைச் சேர்க்க வேண்டும். ரஸ்ட்டின் பிடிவாதத்தைப் பற்றி ஆயிரம் புலம்பல் கேட்டிருப்பீர்கள், நானும் புலம்பியவன்தான். ஆனால் இந்த இடத்தில் தப்பான விடையைச் சிரித்துக்கொண்டே தருவதைவிட அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

பைத்தான்மேல் எனக்கு உள்ள உண்மையான மனத்தாங்கல் வேறு. பைத்தான் 3இல் 'கொடி' என்று ஒரு மாறிக்குப் பெயர் வைக்கலாம், மறுப்பே இல்லை. ஆனால் அதே சொல்லைக் கொடுத்து 'இதெல்லாம் எழுத்தா?' என்று இஸ்ஆல்ஃபாவிடம் கேட்டால் இல்லை என்கிறது. உயிர்க்குறி அதன் கணக்கில் எழுத்து இல்லை. கூடவே வரும் ரெகெக்ஸும் (உரையில் வடிவம் பார்த்துத் தேடும் கருவி) அப்படித்தான்: சொற்களைப் பிரித்துக் கொடு என்றால் 'கொடி'யை க, ட என்று இரண்டு துண்டாக்கித் தருகிறது. தமிழ்ச் சொற்களை எண்ண வந்து, இங்கே தடுக்கி விழுந்து, தமிழ்தான் பிரச்சினை என்று திரும்பிப் போனவர்கள் உண்டு. ரஸ்ட்டின் ரெகெக்ஸ் உயிர்க்குறியையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகவே எடுத்துக்கொள்கிறது. முடியாத காரியம் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

எலிக்சிரில் எழுதியபோது முதல் எட்டுக் குறளும் எந்தத் தகராறும் இல்லாமல் தேறின. தமிழுக்கு இங்கே ஓர் அதிர்ஷ்டம்: மெய்க்குப் புள்ளி கண்ணுக்குத் தெரிவதால் எந்தக் குறிகள் சேர்ந்து ஓர் எழுத்து என்று சொல்லும் யூனிகோடின் எழுத்துக் கொத்து விதியும் நம் எழுத்துக் கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகின்றன. க்ஷ, ஸ்ரீ மாதிரி வரவுகளில் மட்டும் இரண்டாக எண்ணும். போகட்டும்.

ஒன்பதாம் குறளில் எலிக்சிரும் நின்றது. கோளில், தாளை. ஒன்று ளி, மற்றது ளை. பத்தாவதும் அப்படியே: பிறவி, இறைவன். மெய் ஒன்று, உயிர் வேறு, வருக்க எதுகை. இதைப் பிடிக்க எழுத்தைப் பிளந்து உள்ளே போக வேண்டும். அதாவது இவ்வளவு நேரம் திட்டிய கோட் பாயிண்ட் இப்போது தேவைப்படுகிறது. முதல் எழுத்துகள் இரண்டும் குறிலா நெடிலா என்று பார்க்கவும் அதே பிளவு வேண்டும். ஒரு மொழி எழுத்து, கோட் பாயிண்ட் என்ற இரண்டு தளத்துக்கும் வழி வைத்திருக்கிறதா என்பதுதான் இப்போது என் கேள்வி. ஸ்விஃப்ட் வைத்திருக்கிறது, எலிக்சிரும் வைத்திருக்கிறது.

பிளந்து பார்த்தால் இன்னொரு வேடிக்கை. இலக்கணத்தில் ள் தான் அடிப்படை, அதோடு அகரம் சேர்ந்தால் ள. யூனிகோடில் ள அடிப்படை, புள்ளி வைத்தால் ள். யூனிகோடுக்கு முந்தைய இந்தியக் குறியீட்டு முறையான ஐஎஸ்சிஐஐ காலத்திலிருந்து வரும் ஏற்பாடு இது. வரிசைப்படுத்தும்போதும் இதன் தொல்லை உண்டு: கோட் பாயிண்ட் எண்படி அடுக்கினால் ந-வுக்கு அடுத்து ன வந்து உட்காரும், மெய் எல்லாம் உயிர்மெய்க்குப் பின்னால் போகும். அகராதி வரிசை வேண்டுமென்றால் யூனிகோட் வேலைகளுக்கான ஐசியு லைப்ரரியிடம் போங்கள். சொந்தமாக எழுதாதீர்கள்.

பைத்தானிலேயே இருக்க விரும்புபவர்களுக்கு ஓப்பன்-தமிழ் என்ற திறமூல லைப்ரரி இருக்கிறது. சொல்லை எழுத்துகளாகப் பிரிக்கும். ளை-யைக் கொடுத்தால் ள், ஐ என்று இலக்கணப்படியே பிளந்து தரும். எதுகை நிரல் அதில் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. தமிழறிந்தவர்கள் எழுதிய லைப்ரரி என்பது ஒவ்வொரு ஃபங்ஷனிலும் தெரிகிறது. தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுதும் எழில் மொழியும் இந்த வட்டத்திலிருந்து வந்ததுதான். அதில் நிபந்தனையை முதலில் எழுதி, ஆங்கில மொழிகளின் 'இஃப்'புக்கு நிகரான 'ஆனால்' என்பதைப் பின்னால் போடுவார்கள். 'மழை பெய்தால்' என்று நாம் பேசுகிற வரிசையே அது. ஆங்கிலச் சொற்களை மட்டும் தமிழாக்கி விட்டுவிடாமல் வாக்கிய அமைப்பைத் தொட்டதற்காகவே எனக்கு எழில் பிடிக்கும்.

மொழியைவிட அதிகம் படுத்துவது தரவுதான். சில பதிப்புகளில் வானின்று என்றிருக்கும், சிலவற்றில் சீர் பிரித்து வான்நின்று, தான்அமிழ்தம் என்று போட்டிருப்பார்கள். முதலாவதில் வருக்க எதுகை, இரண்டாவதில் ன்-னுக்கு ன் அப்படியே பொருந்தும். நிரல் ஒன்றே, பதிப்பு மாறினால் விடை மாறும். இன்னொன்று ஔகாரம். கௌ என்பதை ஒற்றைக் கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தை அடித்துவைத்திருப்பார்கள். திரையில் ஏறக்குறைய ஒரே உருவம், உள்ளே கெ, ள என்று இரண்டு எழுத்து. ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீடுகளை ஒன்றாக்கும் யூனிகோட் நார்மலைசேஷன் இதைத் திருத்தாது. அதற்கு இவை தொடர்பே இல்லாத எழுத்துகள். கண்ணால் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். அதையும் டெர்மினலில் (கட்டளை தட்டும் திரையில்) பார்க்கக் கூடாது, பல டெர்மினல்களில் கொம்பு இடம் மாறி நிற்கும். நான் எச்டிஎம்எல் ஆக்கி ஃபயர்பாக்ஸில் திறந்து பார்க்கிறேன்.

இப்போது கையில் இருப்பது ஜிக் என்ற மொழி. அங்கே ஸ்ட்ரிங் என்று தனியாக ஒன்றும் இல்லை, வெறும் பைட் வரிசைதான். கோட் பாயிண்டாகப் படிக்க வழி உண்டு, எழுத்துக் கொத்துக்கு நாமேதான் ஏதாவது செய்ய வேண்டும். அழுதுகொண்டே ஆரம்பித்தேன், ஆனால் தமிழ் மட்டும் என்றால் அவ்வளவு கஷ்டமில்லை. எல்லாமே 224இல் தொடங்கும், அடுத்த பைட் 174 அல்லது 175. உயிரும் மெய்யும் 174இல் அடங்கிவிடுகின்றன. துணைக்குறிகளில் காலும் இகரக் குறியும் 174இல், ஈகாரக் குறியிலிருந்து புள்ளிவரை மிச்சமெல்லாம் 175இல். ஒரு சின்ன அட்டவணை போட்டால் எழுத்து பிரிந்துவிடுகிறது. கடவுள் வாழ்த்து முழுவதும் தேறிவிட்டது. தொழாஅர், தூஉம் என்று அளபெடை வரும் இடங்களை இன்னும் தொடவில்லை.