‘மெடிக்கல் கிரேடு’ பொடியும் நாங்கள் பட்ட பாடும்

எலும்புக் குழியை நிரப்பும் குருணைக்குப் பொருள் தேர்ந்தெடுத்தது ஒரே கூட்டத்தில் முடிந்துவிட்டது. பீக் என்ற பிளாஸ்டிக்கின் மேல் எலும்பு ஒட்டி வளராது. உடலில் கரையும் பிளாஸ்டிக்கான பாலிலாக்டிக் அமிலம் சிதையும்போது அந்த இடத்தையே அமிலமாக்கும். பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் என்ற கால்சியம் உப்பு எங்கள் தேவைக்குச் சீக்கிரம் கரைந்துவிடும். மிஞ்சியது எலும்பின் கனிமத்தை ஒத்த ஹைட்ராக்ஸிஅபடைட்.

தொல்லை ஆரம்பித்தது, உலையில் சுட்டுக் குருணையாக்க அதன் பொடியை வாங்கியபோது. பையில் ‘மெடிக்கல் கிரேடு’ என்று கொட்டை எழுத்து. சான்றிதழிலோ கன உலோகங்களுக்கு நேராக ‘இணங்குகிறது’ என்ற ஒற்றைச் சொல். உடலுக்குள் வைக்கும் ஹைட்ராக்ஸிஅபடைட்டுக்கான ஏஎஸ்டிஎம் எஃப்1185 தரத்தில் ஆர்சனிக் 3, காட்மியம் 5, பாதரசம் 5, ஈயம் 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) எனத் தெளிவாக வரம்பு இருக்கிறது. அளந்த எண்ணைக் கேட்டால், “எல்லாரும் இதைத்தான் சார் வாங்கிட்டுப் போறாங்க” என்கிறார் விற்பனையாளர். விடாமல் கேட்டு எண்கள் வந்தன. பார்த்தால் அவை வேறு லாட்டுக்கு, அதாவது வேறு தடவை தயாரித்த தொகுதிக்கு, உரியவை!

கால்சியம்–பாஸ்பரஸ் விகிதத்தைக் கட்டாயம் பாருங்கள். 1.67 இருக்க வேண்டும். எங்களுக்கு வந்த தாளில் ‘1.6–1.7’ என்று மழுப்பியிருந்தார்கள். விகிதம் கூடினால், உலையில் சுடும்போது மிஞ்சிய கால்சியம் சுட்ட சுண்ணாம்பாகிவிடும். அது ஈரம் பட்டால் உப்பிக் குருணையை விரிசல் விடச் செய்யும். சுற்றியுள்ள நீரைக் காரமாக்கிச் செல்களையும் சாகடிக்கும். சுட்ட குருணையை அரைத்து நீரில் கலக்கி, காரம் இருந்தால் நிறம் காட்டும் பினால்ப்தலீன் ஒரு சொட்டு விட்டோம். பளிச்சென்று இளஞ்சிவப்பு! எந்தப் படிகம் இருக்கிறது என்று காட்டும் எக்ஸ்-ரே டிஃப்ராக்‌ஷனிலும் 37.4 டிகிரி அருகே சுண்ணாம்பின் முகடு தெரிந்தது. இரண்டையும் படமெடுத்து அனுப்பிய பிறகுதான் மறுபேச்சில்லாமல் லாட்டை மாற்றித் தந்தார்கள்.

செல் நச்சுச் சோதனையில் இன்னொரு தண்டச் செலவு. “பொடியே போதும்” என்று ஆய்வகத்தில் சொன்னார்கள், கொடுத்தோம், தேறியது. கோப்பைப் பார்த்த மதிப்பீட்டாளரோ, “கிருமிநீக்கம் செய்த குருணைக்கு அறிக்கை எங்கே?” என்றார். அவர் கேட்டது நியாயம். மருத்துவச் சாதனங்கள் உடலுக்கு ஒத்துவருமா என்று மதிப்பிடும் ஐஎஸ்ஓ 10993-1 தரம் முடிவுற்ற பொருளைத்தான் பார்க்கச் சொல்கிறது. சுடுவதிலும் கிருமிநீக்கத்திலும் எதுவும் மாறலாம். மறுபடி பணம் கட்டினோம். செல் உயிர்ப்பு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் தோல்வி. நல்லவேளை, வெகு மேலேயே நின்றது.

இப்போதெல்லாம் கொள்முதல் ஆணையிலேயே எழுதிவிடுகிறோம்: அதே லாட்டின் எண்கள் இல்லாத பை திருப்பி அனுப்பப்படும். அப்புறம், வரும் ஒவ்வொரு லாட்டிலும் ஒரு கைப்பிடி எடுத்து மூடி வைக்கிறோம்.