34 அங்குல டயர் போட்ட பிறகு வண்டிக்குச் சொல்ல வேண்டிய எண்

எங்கள் ஃபோர்டு எஃப்-150 பிக்கப்புக்கு ஒரு வழியாகப் பெரிய டயர் போட்டாயிற்று. ஆலையிலிருந்து வந்தது 275/65ஆர்18, உயரம் சுமார் 32 அங்குலம். இப்போது இருப்பது 295/70ஆர்18, அதாவது 34 அங்குலத்துக்குச் சற்று மேல். டெக்சாஸில் நாங்கள் இருக்கும் ரவுண்ட் ராக்கிலிருந்து பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போய் ஓல்ட் ஓர் ரோடு மாதிரி கல்லும் மணலுமான பாதைகளில் ஓட்ட வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. முன்பக்கம் கொஞ்சம் தூக்கி, அலைன்மென்ட் பார்த்து, டயர் எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். பெரும்பாலானவர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். டயர் கடையிலும் "ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் குறைச்சுக் காட்டும், அவ்வளவுதான்" என்றுதான் சொன்னார்கள்.

அவ்வளவுதான் இல்லை என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

வண்டிக்குத் தான் எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்று நேரடியாகத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் சுழற்சி மட்டும்தான். கணினியில் டயரின் சுற்றளவு மில்லிமீட்டர் கணக்கில் ஓர் எண்ணாகப் பதிந்திருக்கும். சுழற்சியை அந்த எண்ணால் பெருக்கி வேகத்தைச் சொல்கிறது. டயரை மாற்றிவிட்டு எண்ணை அப்படியே விட்டால், அந்தக் கணக்கை நம்பியிருக்கும் எல்லாமே தவறாகும். ஸ்பீடோமீட்டர், ஓடோமீட்டர், க்ரூஸ் கண்ட்ரோல், மைலேஜ் கணக்கு, பத்து கியர் ஆட்டோமேட்டிக் எப்போது கியர் மாற்ற வேண்டும் என்ற முடிவு, எல்லாம் இதில் அடக்கம்.

காகிதக் கணக்குப்படி என் பழைய டயருக்கும் புதியதற்கும் 6.8 சதவீதம் வித்தியாசம். முள் மணிக்கு 60 மைல் காட்டினால் வண்டி 64-இல் போகிறது. ஆஸ்டினுக்குத் தெற்கே எஸ்எச் 130 சுங்கச்சாலையில் 85 மைல் வேக வரம்பு உண்டு, அமெரிக்காவிலேயே அதிகம். அங்கே முள்ளை 85-இல் வைத்தால் உண்மையில் 90-ஐத் தாண்டியிருப்போம். இத்தனை எடையுள்ள பிக்கப்பில், இன்னும் கனமான டயர்களோடு, அந்த வேகத்தில் பிரேக் பிடிக்க எவ்வளவு தூரம் தேவைப்படும் என்று யோசித்துப் பாருங்கள். பல நாடுகளின் விதிகள் ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்கின்றன. கூடுதலாகக் காட்டலாம், குறைத்துக் காட்டக் கூடாது. பெரிய டயர் நம்மை அந்தத் தவறான பக்கத்தில்தான் கொண்டுபோய் நிறுத்துகிறது.

எனக்கு இதில் இன்னொரு அக்கறையும் இருந்தது. மகள் லேர்னர் பெர்மிட் வாங்கியிருக்கிறாள். டெக்சாஸில் 15 வயதில் கிடைத்துவிடும். ஓட்டக் கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு வேகத்தை உடம்பால் உணரும் பழக்கம் இன்னும் வந்திருக்காது. முள் சொல்வதைத்தான் நம்பும். அந்த முள் பொய் சொல்லும் வண்டியை அவளிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

எதையும் மாற்றும் முன் பிழை எவ்வளவு என்று அளந்துவிட வேண்டும். ஞாயிறு காலை ஐ-35 நெடுஞ்சாலையில் கூட்டம் குறைவு. ஜார்ஜ்டவுனைத் தாண்டி வலது லேனில் க்ரூஸை 60-இல் வைத்தேன். மகள் பக்கத்து இருக்கையில் ஃபோனில் ஜிபிஎஸ் வேகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"முள் 60-லதான் இருக்குப்பா, ஃபோன்ல 64 காட்டுது."

"நிலையா நிக்குதா, ஏறி இறங்குதா?"

"64-லயே நிக்குது."

சமதளம், நேர்ச்சாலை, மாறாத வேகம் மூன்றும் இருந்தால்தான் ஜிபிஎஸ் எண்ணை நம்பலாம். ஏற்ற இறக்கத்திலும் வளைவிலும் அது கொஞ்சம் பின்தங்கும்.

அடுத்தது கணினிக்கு என்ன எண் கொடுப்பது என்ற கேள்வி. பலர் தடுமாறும் இடம் இதுதான். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவை வைத்துக் கணக்கிட்டால் விட்டம் 870 மில்லிமீட்டர், சுற்றளவு 2734 வரும். அதை அப்படியே எழுதிவிடாதீர்கள். வண்டியின் எடை ஏறியதும் டயர் அடியில் அமுங்குகிறது. ஒரு சுற்றில் அது உண்மையில் கடக்கும் தூரம் காகிதக் கணக்கைவிடச் சுமார் மூன்று சதவீதம் குறைவு. 2734-ஐ எழுதினால் பிழை எதிர்ப்பக்கம் போய்விடும்.

சரியான எண்ணைப் பெற இரண்டு வழிகள். டயர் நிறுவனத்தின் விவரப் பட்டியலில் ஒரு மைலுக்கு எத்தனை சுற்று என்று போட்டிருப்பார்கள். என் டயருக்கு 607. ஒரு மைல் 16,09,344 மில்லிமீட்டர். அதை 607-ஆல் வகுத்தால் 2651. இன்னொரு வழி நாமே அளப்பது. காற்றைச் சரியாக நிரப்பி, டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, வண்டியை மெதுவாக ஐந்து சுற்று உருட்டி, மறுபடி கோடு போட்டு டேப்பால் அளந்தேன். 13.25 மீட்டர். ஐந்தால் வகுத்தால் 2650. இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து நின்றபோது மனதுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

எழுதும் வேலை சுலபம், ஆனால் பொறுமை வேண்டும். ஃபோர்டுக்கு ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருள் இருக்கிறது. விண்டோஸ் லேப்டாப், ஓபிடி இணைப்புக்கு (வண்டியின் கணினியோடு பேசும் சாக்கெட்) ஒரு நல்ல யூஎஸ்பி அடாப்டர், ஃபோர்ஸ்கேனின் விரிவான உரிமம், இவை போதும். மலிவான ப்ளூடூத் அடாப்டரை வைத்துக் கணினிக்குள் எழுத மட்டும் முயலாதீர்கள். பாதியில் இணைப்பு அறுந்தால் தலைவலி. அதே காரணத்துக்காகத்தான் பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டிவிட்டு ஆரம்பித்தேன். இன்ஜின் ஓடாமல் இக்னிஷன் மட்டும் ஆனில் இருக்க வேண்டும். முதல் வேலை, இருக்கிற அமைப்பு முழுவதையும் ஒரு கோப்பாகச் சேமித்து வைப்பது. அப்புறம்தான் எண்ணில் கை வைக்க வேண்டும். சில திரைகளில் எண் ஹெக்ஸ் வடிவில், அதாவது பதினாறின் அடிப்படையில் எழுதும் முறையில் இருக்கும். அப்போது 2651 என்பது 0ஏ5பி.

ராம் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு ஆல்ஃபாஓபிடி என்ற மென்பொருள் உண்டு. ஆனால் 2018-க்குப் பிந்தைய பல வண்டிகளில் வெளியிலிருந்து கணினிக்குள் எழுத விடாமல் தடுக்கும் பாதுகாப்பு கேட்வே ஒன்று இடையில் நிற்கிறது. அதைத் தாண்டத் தனி கேபிள் தேவைப்படும்.

காற்றழுத்த எச்சரிக்கையையும் அதே உட்காரலில் மாற்றினேன். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 2000-இல் டயரின் மேல்பட்டை பிரிந்து நடந்த விபத்துகளுக்குப் பிறகு அமெரிக்காவில் டிரெட் என்ற வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் வழியாகத்தான் 2008 மாடலிலிருந்து எல்லாக் கார், பிக்கப்களிலும் இந்த எச்சரிக்கை கட்டாயமானது. கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அழுத்தத்தைவிட 25 சதவீதம் குறைவதற்குள் விளக்கு எரிய வேண்டும் என்பது விதி. என் ஸ்டிக்கரில் 35 பிஎஸ்ஐ. அதன்படி விளக்கு 26-ஐ ஒட்டித்தான் எரியும். புதிய டயர் எல்டி, அதாவது லைட் டிரக் வகை. அதே எடையைச் சுமக்க அதற்குக் கூடுதல் காற்று வேண்டும். எடை-அழுத்த அட்டவணை பார்த்து 42 வைத்திருக்கிறேன். பழைய அமைப்பை விட்டுவைத்தால், ஆபத்தான அளவுக்குக் காற்று இறங்கிய பிறகும் விளக்கு பேசாமல் இருக்கும். எனவே கணினியிலும் 42 என்று எழுதினேன்.

கியர்பாக்ஸ் பழைய டயருக்குப் பழகியிருந்ததால் அதன் கற்றலையும் அழித்து மறுபடி தொடங்க விட்டேன். முதல் சில நாள் கியர் மாறும்போது லேசாக இடித்தது, பிறகு தானாகப் பழகிவிட்டது.

எழுதி முடித்ததும் அதே ஐ-35-க்கே போனோம். முள் 60, ஜிபிஎஸ் 60. ஜார்ஜ்டவுனில் 265-ஆம் மைல் பலகையில் ட்ரிப்பைச் சுழியாக்கி, ஜாரெலில் 275-ஆம் பலகையில் பார்த்தால் சரியாகப் பத்து மைல். மைலேஜ் குறைந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். திருத்தாத ஓடோமீட்டர் தூரத்தைக் குறைத்து எண்ணுவதால், அது காலனுக்கு 17 மைல் என்று சொல்லும் வண்டி உண்மையில் 18-க்கு மேல் கொடுத்துக்கொண்டிருக்கும். பெரிய டயருக்கு எரிபொருள் கூடுதலாகச் செலவாவது உண்மைதான், ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை.

ஸ்பேரையும் அதே அளவுக்கு மாற்றிவிடுங்கள். நான்கு சக்கரமும் இயங்கும்போது ஒன்று மட்டும் சிறியதாக இருந்தால் சக்தியை அச்சுகளுக்கும் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் டிஃபரன்ஷியலும் இழுபடும், ஏபிஎஸ்ஸும் குழம்பும். வண்டியின் முகம் உயர்ந்திருந்தால் ஹெட்லைட்டையும் கீழே இறக்குங்கள், எதிரே வருகிறவர் கண் கூசக் கூடாது.

எண்ணைத் திருத்துவதால் இழுவை மட்டும் திரும்பி வராது. என் பின்அச்சு விகிதம் 3.55, அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற டிரைவ் ஷாஃப்ட் 3.55 முறை சுற்ற வேண்டும். பெரிய டயரோடு அது 3.32 மாதிரிதான் வேலை செய்கிறது, ஏற்றத்தில் நன்றாகவே தெரிகிறது. ட்ரெய்லர் இழுக்கிறவர்கள் 4.10-க்கு மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். முன்அச்சையும் பின்அச்சையும் சேர்த்தே மாற்ற வேண்டும், புதிய விகிதத்தையும் கணினியில் எழுத வேண்டும். நான் ட்ரெய்லர் இழுப்பதில்லை, அதனால் இப்போதைக்கு 3.55-ஏ இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.