காலடியைக் கேட்டு ஓடுதல்

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி விடியற்காலையில் ஓடுவது என் பல ஆண்டுப் பழக்கம். சென்ற ஆண்டு வலது முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பில், விரலால் அழுத்தினாலே கண் கலங்கும் அளவுக்கு வலி வந்தது. புதுக் காலணி வாங்கினேன், ஒரு மாதம் ஓய்வெடுத்தேன். மறுபடி ஓடத் தொடங்கிய இரண்டாம் வாரமே வலியும் வந்துவிட்டது. அப்போதுதான் உடன் ஓடும் தம்பி ஒருவர், "அண்ணே, நீங்க வர்றது அந்த முக்குல இருந்தே கேக்குது" என்றார். காதில் பாட்டை மாட்டிக்கொண்டே ஓடிய நான் அதுவரை என் காலடியைக் கேட்டதே இல்லை.

நான் பார்த்த பிசியோதெரபிஸ்ட், தீப்பெட்டியைவிடச் சிறிய உணர்கருவி ஒன்றை வலித்த எலும்பின் மேல் பட்டையால் இறுகக் கட்டி, ட்ரெட்மில்லில் ஓடவிட்டார். கால் தரையில் மோதும் ஒவ்வொரு முறையும் எதிரிலிருந்த திரையில் ஒரு முனை எழும்பும். குறுக்கே ஒரு கோடு இருக்கும். "முனை கோட்டைத் தாண்டக் கூடாது, ஓசைப்படாமல் ஓடுங்கள்" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. குதிகாலை ஊன்றுவதா, முன்பாதத்தை ஊன்றுவதா என்று நான் கேட்டதற்கும் திரையையே காட்டினார். சில நிமிடங்களில் நான் எடுத்துவைக்கும் எட்டின் நீளம் தானாகவே குறுகியது; உடம்புக்கு வெகு முன்னால் நீண்டு விழுந்துகொண்டிருந்த பாதம் இடுப்புக்கு நேர் கீழே இறங்கியது; முழங்கால் சற்று மடங்கிக் கொடுத்தது.

இந்த முறைக்கு அடித்தளமானது குரோவெல், ஐரீன் டேவிஸ் ஆகிய இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு. இரண்டு வாரங்களில் 8 அமர்வுகள் பயிற்சி பெற்ற 10 ஓட்டக்காரர்களுக்குக் கீழ்க்கால் எலும்பில் பதிவான அதிர்வு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஒரு மாதம் கழித்து அளந்தபோதும் அந்தப் பலன் நிலைத்திருந்தது. அதற்குக் காரணம், பின்பாதி அமர்வுகளில் திரையைச் சிறிது சிறிதாக அணைத்துவிடுவதுதான் என்பது என் உறுதியான எண்ணம். திரை முதன்முறை அணைந்தபோது இரண்டே நிமிடத்தில் என் பழைய தடதடப்பு திரும்பியது. கண் பார்த்துச் செய்ததைக் கால் இன்னும் கற்கவில்லை என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. அதன்பின் திரைக்குப் பதிலாகக் காதை நம்பத் தொடங்கினேன்.

2018இல் வெளியான பெரிய ஆய்வில், புதிதாக ஓடத் தொடங்கிய 320 பேரில் இத்தகைய பயிற்சி பெற்றோரிடம் ஓராண்டில் 16 விழுக்காட்டினரே காயமுற்றனர். பெறாதவர்களிடம் அது 38 விழுக்காடு. ஆயினும் கெண்டைக்கால் தசையிலும் குதிநாணிலும் ஏற்பட்ட காயங்கள் பயிற்சி பெற்றோரிடமே மிகுதி. எட்டு குறுகும்போது முழங்காலின் சுமையில் ஒரு பங்கு கெண்டைக்காலுக்கு இறங்குவதை முதல் மூன்று வாரங்கள் படியிறங்கும்போதெல்லாம் நானும் உணர்ந்தேன். ஆகவே வலியில்லாமல் ஓடுகிறவர்கள் தங்கள் நடையை மாற்ற வேண்டாம்; மாற்றுகிறவர்கள் தூரத்தைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது காதில் எதையும் மாட்டாமல் குளத்தின் கைப்பிடிச் சுவரோரம் ஓடுகிறேன். மூன்றாவது சுற்றில் களைப்பு ஏறும்போது இடக்காலைவிட வலக்கால் சற்று உரக்கக் கேட்கும். எட்டைக் குறுக்கியும் அது அடங்கவில்லையென்றால் அன்றைய ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடக்கிறேன்.