ஸ்வீடனுக்குக் குடும்பத்தோடு வேலைக்கா? முதலில் மாதத்தை எண்ணுங்கள்

கோயம்புத்தூர் அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த ஒருவரைப் பதினோரு மாத ஒப்பந்தத்தில், நான் இப்போது குடும்பத்தோடு இருக்கும் ஸ்டாக்ஹோமுக்கு அனுப்பப் போகிறார்களாம். "மனைவி, குழந்தைகளோடு வர்றேன் மேடம், வீடு மட்டும் பார்த்துக் கொடுங்க" என்று நேற்று இரவு போன் செய்தார். போனை வைத்ததிலிருந்து எனக்கு ஆறவேயில்லை. பதினோரு மாதமா? ஒப்பந்தத்தில் இன்னும் ஒன்றிரண்டு மாதம் சேர்த்துப் போட்டிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு இந்த ஊர் வேறு ஊராக இருக்கும். அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வரிசையாக எழுதுவேனா தெரியாது. முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஸ்வீடனில் குறைந்தது ஒரு வருடம் தங்கப் போகிறீர்கள் என்றால்தான் மக்கள் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறும். ஏறினால் பெர்ஷூன்நும்மர் என்கிற அடையாள எண் கிடைக்கும். நம் ஊர் ஆதார் இல்லாமல்கூட ஒரு மாதிரி சமாளித்துவிடலாம், இங்கே அந்த எண் இல்லாமல் முடியாது. அதைக் கொடுப்பது வரித் துறையான ஸ்காத்தேவெர்கெட். குடும்பம் மொத்தமும் நேரில் போக வேண்டும். பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் கையில் இருக்க வேண்டும். என் ஒப்பந்தம் பதினெட்டு மாதம் என்பதால் எங்களுக்குக் கிடைத்தது, ஆனால் வாரக்கணக்கில் காத்திருந்த பிறகு. ஒரு வருடத்துக்குக் குறைவாக வருகிறவர்களுக்கு இந்த எண் கிடையாது. ஒருங்கிணைப்பு எண் என்று வேறொன்று உண்டு, அதை வைத்துக்கொண்டு பாதிக் கதவுகள்கூடத் திறக்காது.

அந்த எண் வந்தால் அடையாள அட்டை, அட்டை வந்தால் வங்கிக் கணக்கு, கணக்கு வந்தால் பேங்க்ஐடி. போனில் இருக்கும் இந்த பேங்க்ஐடிதான் எல்லாவற்றுக்கும் கையெழுத்து. மருத்துவரைப் பார்க்க, பள்ளிக்கு விண்ணப்பிக்க, ஸ்விஷ் மூலம் பணம் அனுப்ப, எல்லாவற்றுக்கும் அது வேண்டும். நான் போன வங்கிக் கிளையில் சந்திப்புக்கே மூன்று வாரம் கழித்துத்தான் நாள் கொடுத்தார்கள். போனால், வேலை ஒப்பந்தத்தின் இன்னொரு பிரதி வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அதுவரை ஊரிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்த ஃபாரெக்ஸ் கார்டில்தான் குடும்பம் ஓடியது. இந்த ஊர்க் காசான குரோனா (ஒன்றுக்கு மேல் என்றால் குரோனர்) ஒன்றை ஒன்பது ரூபாய் என்று கணக்குப் போட்டு, பால் பாக்கெட்டைக் கையில் எடுக்கும்போதும் பெருக்கிப் பெருக்கிப் பார்த்தோம். ரொக்கம் வைத்திருக்கலாமே என்று நினைக்காதீர்கள். காபிக் கடையில்கூட "ரொக்கம் வாங்குவதில்லை" என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

இப்போது டாக்ஸி. இதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அக்டோபர் கடைசி, அர்லாண்டா விமான நிலையம், இரவு நேரம். சின்னவள் என் தோளில் தூங்குகிறாள், பெரியவனுக்குக் குளிரில் உதடு நடுங்குகிறது, வண்டி நிறையப் பெட்டிகள். வெளியே வந்ததும் ஒரு டாக்ஸிக்காரர் அன்பாகப் பெட்டிகளைத் தூக்கி வைத்தார். எங்கள் வீடு இருக்கும் ஹெலெனெலுண்ட் அங்கிருந்து அதிக தூரமில்லை. இறங்கும்போது மீட்டரில் 1,700 குரோனருக்கு மேல்! பதினைந்தாயிரம் ரூபாய். என் கணவர் கேட்டதற்கு மீட்டரைக் காட்டினார், அவ்வளவுதான். அவர் சட்டப்படி தப்பே செய்யவில்லை என்பதுதான் கொடுமை. 1990 முதல் ஸ்வீடனில் டாக்ஸிக் கட்டணத்தை அரசு நிர்ணயிப்பதில்லை. யார் எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு டாக்ஸியின் கண்ணாடியிலும் மஞ்சள் நிற விலைச் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். 10 கிலோமீட்டர் தூரம், 15 நிமிடம் ஓடும் பயணத்துக்கு அந்த வண்டி எவ்வளவு வாங்கும் என்பதற்கான ஒப்பீட்டு விலை அதில் பெரிய எண்ணில் இருக்கும். அதைப் பார்க்காமல் ஏறாதீர்கள். போய்ச் சேர மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள், பேச மறுத்தால் அடுத்த வண்டிக்குப் போங்கள். இதை நிறுவனம் கொடுத்த வழிகாட்டிப் புத்தகத்தில் ஒரு வரி போட்டிருக்கலாம். அதில் ஐஸ் ஹோட்டல் படம் இருந்தது, இது இல்லை.

மாமியார் வந்தபோது அதே தூரத்தைச் சில்லறைக் காசில் முடித்தோம். விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் நிலையம் இருக்கிறது, ஆனால் அங்கே ஏறினால் டிக்கெட்டோடு நூறு குரோனருக்கு மேல் தனி நுழைவுக் கட்டணம் உண்டு. 583 எண் பஸ்ஸில் மார்ஷ்டா நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து புறநகர் ரயிலில் ஏறினால் அந்தக் கூடுதல் கட்டணம் இல்லை. சாதாரண நகர டிக்கெட் போதும், 75 நிமிடம் செல்லும். ஏழு வயதுக்குக் கீழே குழந்தைகளுக்கு டிக்கெட்டே வேண்டாம். மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்து பனி மூடிய வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வீடு. ஸ்டாக்ஹோமில் முறையான வாடகை வீட்டுக்கு வரிசையில் பதிந்துவைத்து வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அதனால் நம்மைப் போல் வந்து போகிறவர்களுக்கு, குடியிருப்பவர்கள் மறுவாடகைக்கு விடும் வீடுதான். விளம்பரத்தில் மூன்று அறை என்றால் கூடத்தையும் சேர்த்துத்தான் மூன்று, படுக்கையறை இரண்டே. எங்கள் வீட்டுக்கு மாதம் 16,000 குரோனர், சம்பளத்தில் பெரிய துண்டு அங்கேயே போய்விடுகிறது. வேலை ஸ்டாக்ஹோமின் புறநகரான கிஸ்டாவில் என்றால் நகரத்துக்குள் தேடாதீர்கள். ஹூஸ்பி, அக்கல்லா, சொல்லெண்டூனா பக்கம் பாருங்கள். துணி துவைக்கும் மெஷின் பெரும்பாலும் வீட்டில் இருக்காது. கட்டிடத்தின் அடித்தளத்தில் பொதுச் சலவை அறை, முன்பதிவு செய்த நேரத்துக்குள் முடித்து, பஞ்சைத் துடைத்துவிட்டு வர வேண்டும். பத்து நிமிடம் தாண்டினால் கதவில் கோபமான சீட்டு தொங்கும். இந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

டிசம்பரில் பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பெரியவன் பள்ளிவிட்டு வரும்போது நடுநிசி போல இருட்டு. அந்த மாதம் நான் பட்ட மனச்சோர்வை இங்கே விரிக்க விருப்பமில்லை, ஆனால் அது நிஜம், தயாராக வாருங்கள். பலசரக்குக் கடை நடத்தும் யாழ்ப்பாணத்து அண்ணா முதல் நாளே சொன்னார்: "தங்கச்சி, பிள்ளையளுக்கு விட்டமின் டி துளியை ஒரு நாளும் மறக்காதேங்கோ. எங்கட நிறத்துக்கு இந்த வெயில் காணாது." குழந்தை நல மையத்து நர்ஸும் பிறகு அதையே சொன்னார்.

குளிர் உடைக்குக் கோவையில் காசு கொட்டாதீர்கள். அங்கே வாங்கிய ஜாக்கெட் நவம்பர் மழையில் நனைந்து தொங்கியது. இங்கே குழந்தைகளுக்குத் தலை முதல் கால் வரை ஒரே உடுப்பாக ஓவரால் போடுகிறார்கள், புதிது ஆயிரம் குரோனருக்கு மேல். அதுவே ஞாயிற்றுக்கிழமை பழைய பொருள் சந்தையில் 150க்குக் கிடைத்தது, கிழிசல் இல்லை, ஜிப் நன்றாக ஓடுகிறது. ஆனால் அந்தச் சந்தையில் எல்லோரும் கேட்பது ஸ்விஷ். ஸ்விஷ்ஷுக்கு பேங்க்ஐடி வேண்டும், பேங்க்ஐடிக்கு அந்த எண் வேண்டும். மலிவாக வாழும் வழியே அந்த எண்ணுக்குப் பின்னால்தான் இருக்கிறது என்று அன்று உறைத்தது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, ஹூஸ்பியில் ஒரு சின்ன எரித்ரியா உணவகத்துக்குள் குளிருக்கு ஒதுங்கினோம். ஒரே பெரிய தட்டு, அதில் இன்ஜெரா. டெஃப் என்கிற சிறுதானியத்தின் புளித்த மாவில் சுட்டது, ஒரு பக்கம் முழுக்கத் துளைத்துளையாக, நம் ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி மெத்தென்று. மேலே காரமான மைசூர்ப் பருப்புக் குழம்பு, கடலைமாவில் செய்த ஷிரோ, வதக்கிய முட்டைக்கோஸ். கையால் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட வேண்டும்! வந்ததிலிருந்து தட்டைத் தள்ளித் தள்ளி வைத்த சின்னவள், பருப்பில் தோய்த்துத் தோய்த்துத் தின்று கன்னமெல்லாம் பூசிக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைக்கார அம்மா பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி பருப்பு ஊற்றினார், அதற்குக் காசு வாங்கவில்லை. ஸ்டாக்ஹோமில் பளபளப்பான இந்திய உணவகங்களில் கொடுக்கும் விலைக்கு இங்கே இரண்டு முறை சாப்பிடலாம். இட்லி மாவு புளிக்கவில்லை என்று வருந்துகிறவர்கள் ஓவனை எரியவிடாமல் உள்ளே விளக்கை மட்டும் போட்டு வையுங்கள், காலையில் பொங்கியிருக்கும்.

குழந்தைகள் விஷயத்தில் இந்த நாட்டை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். பள்ளிக்குக் கட்டணம் இல்லை. மதியச் சாப்பாடு, புத்தகம் எல்லாம் இலவசம். குழந்தைகளுக்கு மருத்துவரும் பல் வைத்தியமும் இலவசம். விண்ணப்பித்த நான்கு மாதத்துக்குள் நகராட்சி மழலையர் பள்ளியில் இடம் கொடுத்தாக வேண்டும், சட்டம். எங்களுக்கு அந்தக் கெடு முடியும் தறுவாயில்தான் இடம் வந்தது. அதுவரை என் கணவர் வீட்டில் இருந்தார். அதனால் முதல் நான்கு மாதத்துக்கு ஒரே சம்பளம் என்று கணக்கிட்டு வாருங்கள். பெற்றோர் கூடவே உட்கார்ந்திருக்கும் திறந்த மழலையர் பள்ளிகள் உண்டு, காசில்லை, அவர் தினமும் சின்னவளை அங்கே கூட்டிப்போனார். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பெற்றோரில் ஒருவர் வீட்டில் இருக்கலாம், ஏறத்தாழ 80 சதவீதச் சம்பளத்தை சமூகக் காப்பீடு ஒரு வரம்புக்குள் கொடுக்கும். என் மேலாளர் "குழந்தையைப் பாருங்கள்" என்றார், அதற்கு மேல் ஒரு கேள்வி இல்லை. பதினைந்து வருட வேலையில் அப்படி ஒரு பதிலை நான் கேட்டதில்லை.

இதோடு குழந்தை உதவித்தொகை, ஒரு குழந்தைக்கு மாதம் 1,250 குரோனர். இரண்டு என்றால் கூடுதலாக 150 சேர்ந்து 2,650. எங்கள் மளிகையில் பெரும் பங்கு அதில் ஓடுகிறது. பதினோரு மாதத்துக்கு வரும் குடும்பத்துக்கு இது கிடையாது. நண்பரிடம் காலையில் சொல்லிவிட்டேன்: ஒரு வருடத்தைத் தாண்டும் ஒப்பந்தமாக மாற்றி எழுதி வாங்குங்கள், அதற்குப் பிறகு டிக்கெட் போடுங்கள். மறுத்தால் தனியாக வந்துவிட்டுப் போங்கள், குடும்பத்தை ஜூலையில் சுற்றிப் பார்க்க அழைத்துக்கொள்ளுங்கள். மனைவி கோபித்துக்கொள்வார் என்றார். கோபம் ஆறும், சேமிப்பு போனால் திரும்பாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பள்ளிக் குழந்தைகளுக்குத் தாய்மொழி வகுப்பு நடத்த இங்கே சட்டத்தில் இடமிருக்கிறது. நகராட்சியில் ஐந்து பிள்ளைகளாவது கேட்க வேண்டும், தகுந்த ஆசிரியரும் கிடைக்க வேண்டும். சொல்லெண்டூனாவில் பள்ளிப் பிள்ளைகளோடு இருக்கிற, வரப்போகிற தமிழ்க் குடும்பங்கள் பள்ளியில் அந்த விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கி, தமிழ் என்று எழுதிக் கொடுங்கள். ஆகஸ்டில் பள்ளி திறக்கிறது. அதற்குள் கொடுத்தால் நல்லது.