கொடிவேரி நாத்தங்காலும் கடலுக்கடியில இருக்கற நாத்தும்

போன வாரம் கோபி பக்கம் கொடிவேரிக்குப் போயிருந்தேன், அப்பிச்சி ஊட்டுக்கு. திருப்பூர்ல இருந்து வண்டிய எடுத்து குன்னத்தூர் வழியா போனேன், கோபி தாண்டுனதுமே காத்து குளுகுளுன்னு மாறிருச்சு, தடப்பள்ளி வாய்க்கால்ல தண்ணி நெறைய ஓடுது, ரெண்டு பக்கமும் நாத்தங்காலு. அணைல குளிச்சது, மீன் வறுவல் சாப்ட்டதெல்லாம் எல்லாரும் எழுதறதுதான், அத உட்டுர்றேன்.

பெரியம்மா பொண்ணும் வந்திருந்தா. கடல் உயிரியல் படிக்கறவ, பாக் விரிகுடால கடற்புல் பாத்துட்டு நேரா இங்க வந்திருக்கா. 2022ல 448 சதுர கிலோமீட்டர ஆவுளியா, அதாங்க கடற்பசு, அதுக்குக் காப்பகமா அறிவிச்சாங்கல்ல, அங்கதான். ஆவுளியாவுக்கு சாப்பாடே இந்தப் புல்லுதான். பாசி கெடையாதுங்க, பூ பூத்து விதை உட்டு வேர் புடிக்கற நெசமான செடி.

அப்பிச்சி ஒரு நாத்தப் புடுங்கி கைல வெச்சிருந்தாரு, வெள்ள வேர்ல இருந்து சேறு சொட்டுது. "கடலுக்குள்ளயும் நாத்து மொளைக்குமா அம்முணி?"

"மொளைக்குமுங் அப்பிச்சி. ஆனா நாம உடற பொகைல கால்வாசி கார்பன் டை ஆக்சைடு கடல்லதான் போய்க் கரையுது, தண்ணி புளிச்சுட்டே வருது."

நூறு நூத்தம்பது வருசத்துக்கு மேல ஆகி கடல் தண்ணியோட பிஹெச் 8.2ல இருந்து 8.1க்குத்தான் எறங்கியிருக்கு, இந்த அளவு எறங்க எறங்க புளிப்பு கூடும், கேக்க சின்னதாத் தெரியும், ஆனா அமிலத்தன்மை 30 சதவீதம் கிட்ட கூடிருச்சுன்னு அர்த்தம். நம்மூரு சாயப்பட்டறை பாய்லர் பொகை, நான் ஓட்டிட்டு வந்த வண்டியோட பொகை எல்லாம் அதுல சேத்தி.

சரி, செடிக்கு கார்பன் நல்லதுதானேன்னு நான் கேட்டேன். மத்தியதரைக் கடல்ல இருக்கற பொசிடோனியாங்கற கடற்புல்லோட நாத்துகள அப்படிக் கார்பன் டை ஆக்சைடு கூடுன தண்ணில வளத்துப் பாத்திருக்காங்களாம். 60 நாள்ல ஒளிச்சேர்க்கை நல்லா ஏறுச்சு, 90 நாள்ல பாத்தா அந்த வித்தியாசமே காணோம். விதை பெருசா இருந்துச்சு, மண்ணுக்கடியில கார்பன் சேமிப்பும் கூடுச்சு, அது நெசமாவே நல்லதுதான், ஒரு கஷ்டம் வந்தா தாக்குப் புடிக்க உதவும். ஆனா எலைல நைட்ரஜன் கொறஞ்சு சர்க்கரை ஏறிருச்சு, உருண்டையா ஒடம்பெல்லாம் முள்ளா இருக்கற கடல் முள்ளெலி அந்த நாத்துகளத்தான் தேடி வந்து மேஞ்சுச்சாம்.

அப்பிச்சி ஒடனே, "யூரியா சாஸ்தி போட்டா பயிரு கரும்பச்சையா தளதளன்னு நிக்கும், பாக்கறவன் சந்தோசப்படுவான், பின்னாலயே எலைச்சுருட்டுப் புழு வந்துரும், அந்தக் கதைதானே?"ன்னாரு.

"கிட்டத்தட்டங் அப்பிச்சி. ஆனா நெல்லுல நைட்ரஜன் ஏறுது, அங்க எறங்குது. புழுவுக்கு மருந்தடிக்கலாம், கடலுக்கு என்னத்த அடிக்கறது?"

எனக்கு ரொம்ப வெசனமாப் போச்சு. பெரிய புல்லுன்னா கிழங்குல சேத்து வெச்சது இருக்கும், கடிச்சாலும் திரும்பத் துளிர்க்கும், சேமிப்பு கொஞ்சம் கூடுனாலும் நாலே எலை வெச்சிருக்கற நாத்து எவ்வளவு தாங்கும் சொல்லுங்க. பாக் விரிகுடால வேற இனங்க, அங்கயும் இப்படியே ஆகும்னு அவ சொல்லல.

கெளம்பறப்ப அப்பிச்சி அவகிட்ட சொன்னாரு, "அடுத்த தடவ போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ கண்ணு, அந்தப் புல்ல ஒருக்கா வேரோட கைல வெச்சுப் பாக்கோணும்."