சிட்டிசன் ஆனபின்னும் கணினியில் அயல்நாட்டவர்

நியூஜெர்சியில் குடியேறிகளுக்கு உதவும் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் வேலை பார்க்கிறேன். விண்ணப்பம் நிரப்புவது, அரசாங்கக் கடிதத்தைப் படித்துச் சொல்வது, வயதானவர்களை அலுவலகத்துக்குக் கூட்டிப்போவது என்று நாள் ஓடும். தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் என் மேசைக்குத்தான் வரும். குடியுரிமைத் தேர்வுக்கு எல்லாரும் நன்றாகத் தயாராகிறார்கள். உறுதிமொழி எடுத்து, கையில் கொடியோடு படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டதும் எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாகி விடுகிறார்கள். எனக்கு அதற்கு அப்புறம்தான் வேலை.

உறுதிமொழி நாளில் கிரீன் கார்டை வாங்கிக்கொண்டு சான்றிதழைக் கையில் கொடுப்பது குடியேற்றத் துறை. நம் சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு எதிரே ‘சிட்டிசனா, இல்லையா’ என்று பதிந்து வைத்திருப்பது, அந்த எண்ணையும் ஓய்வூதியத்தையும் பார்த்துக்கொள்ளும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம். வெகுகாலம் முன்னது செய்ததைப் பின்னதற்கு நாமேதான் நேரில் போய்ச் சொல்லவேண்டி இருந்தது. 2024 ஏப்ரல் 1-ஆம் தேதியிட்ட என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பப் படிவத்தில்தான், இந்த விவரத்தைக் குடியேற்றத் துறையே சோஷியல் செக்யூரிட்டிக்கு அனுப்பலாமா என்ற கேள்வியைச் சேர்த்தார்கள். ‘ஆம்’ என்று குறித்தால் ஒரு நடை மிச்சம். நல்ல ஏற்பாடுதான். அதற்கு முன்பே சிட்டிசன் ஆகி, சொல்லாமலே இருந்துவிட்டவர்கள்தான் இப்போதும் என்னிடம் வந்துகொண்டிருக்கிறார்கள்.

சொல்லாமல் விட்டதால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. சம்பளம் வரும், வரி பிடிப்பார்கள், ஓட்டுகூடப் போடலாம். பல வருஷம் கழித்து ஏதோ ஒரு கணினி அந்தப் பதிவைக் கேட்கும்போதுதான் வெளியே வரும். அதுவும் பல சமயம் பெற்றோருக்கு வராது, பிள்ளைக்கு வரும்.

போன வருஷம் ஒரு அப்பாவும் மகனும் வந்தார்கள். பெற்றோர் சிட்டிசன் ஆனபோது பையன் தொடக்கப் பள்ளியில் இருந்தான். கிரீன் கார்டோடு 18 வயதுக்குள், சிட்டிசனான பெற்றோரின் பொறுப்பில் இங்கே வாழும் பிள்ளை தானாகவே சிட்டிசன் ஆகிவிடும். 2000-ஆம் ஆண்டுச் சட்டம் அது. பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டார்கள். கல்லூரி உதவித்தொகைக்காக ஃபாஃப்சா விண்ணப்பம் போட்டதும், குடியுரிமை உறுதியாகவில்லை என்று திரும்பி வந்தது. அந்த விண்ணப்பம் போய்ப் பார்ப்பது சோஷியல் செக்யூரிட்டி பதிவை. அதில் பையன் இன்னும் அயல்நாட்டவன்.

“பாஸ்போர்ட்டே இருக்கு மேடம், அதுக்கு மேல என்ன வேணும்?” என்றார் அப்பா. நியாயமான கேள்வி. பாஸ்போர்ட்டைக் காட்டினால் கல்லூரியின் நிதியுதவி அலுவலகம் ஏற்றுக்கொள்ளும், அன்றைய சிக்கல் தீரும். ஆனால் பதிவு அப்படியேதான் இருக்கும். நாளைக்கு வேலையில் சேரும்போது இ-வெரிஃபை என்ற அரசுக் கணினியில் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் நிறுவனம் என்றால் அங்கேயும் பொருந்தவில்லை என்று வரலாம். அப்படி வந்தால் எட்டு அரசு வேலைநாளுக்குள் போய்ச் சரிசெய்யத் தொடங்கவேண்டும். புது வேலையில் முதல் வாரமே மேலாளரிடம் இதை விளக்கிக்கொண்டு நிற்பது யாருக்குப் பிடிக்கும்? “அப்ப இன்னைக்கே போயிடலாம் அக்கா” என்றான் பையன். அப்பாவைவிடத் தெளிவு.

இதில் வரிசை முக்கியம். சான்றிதழ் கைக்கு வந்ததும் ஊருக்குப் போகும் அவசரத்தில் முதலில் பாஸ்போர்ட்டுக்குப் போட்டுவிடுகிறார்கள். அதற்கு அசல் சான்றிதழையே சேர்த்து அனுப்பவேண்டும். திரும்பி வரும்வரை கையில் ஒன்றும் இருக்காது. சோஷியல் செக்யூரிட்டியோ நகலை வாங்காது, நோட்டரி கையெழுத்துப் போட்ட நகலையும் வாங்காது. அதனால் உறுதிமொழி முடிந்து ஒரு பத்து நாள் விட்டு, முதலில் அங்கே போங்கள், அப்புறம் பாஸ்போர்ட் என்பேன். அங்கே கொடுக்கும் எஸ்எஸ்-5 விண்ணப்பப் படிவத்துக்குக் கட்டணம் கிடையாது, எண்ணும் மாறாது. எச்-1பி வேலை விசா காலத்து சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் குடியேற்ற அனுமதி இருந்தால்தான் வேலைக்குச் செல்லும் என்று ஒரு வரி அச்சாகியிருக்கும். அதை இன்னும் பர்ஸில் வைத்திருப்பவர்களுக்குப் புது அட்டையில் அந்த வரி போய்விடும்.

படிவம் சின்னதுதான், ஆனால் நம் பெயர்களுக்கு அது பொருந்தாது. யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், எண்பதை நெருங்குகிறவர். அவருடைய தாயின் பிறப்புப் பெயரை முதல், நடு, கடைசி என்று மூன்று கட்டத்தில் கேட்கிறது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் பொறுமையாகத்தான் கேட்டார். அம்மா என் பக்கம் திரும்பி, “அவவுக்கு ஒரு பேர்தான் பிள்ளை. கேக்கிறதுக்காகப் புதுசா வைக்கேலுமோ?” என்றார். கடைசிப் பெயர் இல்லை என்று விளக்கினேன். ஏற்கெனவே பதிவில் எப்படி இருக்கிறதோ அப்படியே விட்டுவிடலாம் என்றார் அந்தப் பெண். நாங்கள் மூவரும் தட்டச்சு முடியும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த அம்மாவுக்கு இந்தப் பதிவு வெறும் காகித விஷயம் இல்லை. ஸ்பான்சர் செய்து வரவழைக்கப்பட்ட பெற்றோர் எஸ்எஸ்ஐ, அதாவது வருமானம் குறைந்த முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் அரசு தரும் மாத உதவி கேட்டால், சிட்டிசன் ஆகும்வரை அல்லது வேலை செய்த காலத்துக்குக் கிடைக்கும் புள்ளிகள் 40 சேரும்வரை ஸ்பான்சரின் வருமானத்தையும் இவர்களுடையது போலவே கணக்கில் எடுப்பார்கள். மகன் ஐடியில் இருந்தால் ஒன்றும் கிடைக்காது. சிட்டிசன் ஆனால் அந்தக் கணக்கு நின்றுவிடும். 2025-ல் தனிநபருக்கு மத்திய அரசு தந்தது அதிகபட்சம் மாதம் 967 டாலர்; பிள்ளை வீட்டில் வாடகை தராமல் இருந்தால் குறையலாம். மருந்துக்கும் கோயிலுக்கும் மகனிடம் கை நீட்டாமல் இருக்க அதுவே போதும் என்பார்கள். இன்னொன்றையும் சொல்லி அனுப்புவேன்: சிட்டிசனாகவே இருந்தாலும் 30 நாள் தொடர்ந்து நாட்டுக்கு வெளியே இருந்தால் எஸ்எஸ்ஐ நின்றுவிடும். பேத்தி கல்யாணத்துக்குப் போய் மூன்று மாதம் தங்கி வந்தவர்களுக்கு இதை வந்தபின் விளக்குவது பெரும்பாடு.

வேலை செய்து சேர்த்த ஓய்வூதியம் வேறு, எஸ்எஸ்ஐ வேறு. இரண்டுமே சோஷியல் செக்யூரிட்டி ஜன்னலில்தான் நடக்கிறது என்பதால் எல்லாரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஓய்வூதியத்தை ஊரில் இருந்துகொண்டும் வாங்கலாம்.

எங்களுக்கு நிதி தருகிறவர்கள் கணக்குக் கேட்பது எத்தனை பேர் உறுதிமொழி எடுத்தார்கள் என்று மட்டும்தான். அதற்குப் பின் நடப்பது எந்தக் கட்டத்திலும் வராது. அறிக்கை எழுதும் மேலாளரிடம் இதைப் பலமுறை பேசிவிட்டேன். அவரும் மேலே எழுதியிருக்கிறார். பதில் வரும்வரை வெள்ளிக்கிழமை மதியங்களை இதற்கென்று ஒதுக்கிவைத்திருக்கிறேன். சான்றிதழோடு வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, வீட்டில் 18 வயதுக்குக் கீழே யாராவது இருக்கிறார்களா என்பதுதான்.